குடியிருக்கும் அங்கத்தினரும் வீட்டுக்காரச் சங்கமும்

கூட்டுறவைப் பற்றிப் பாடம் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்கும் ஊர்ப் பெயர் ராச்டேல். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள அந்நெசவு ஊரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி மாலை, 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவர்த்தியுமே அன்றைய சரக்கு. அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்த நெசவாளர் என்பதை நம் அங்கத்தினர் அறிவர். பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அம்முன்னோடிகள் தங்கள் சங்கத்தின் நோக்கங்களை வரிசைப்படுத்தி எழுதியபோது, கடை வைப்பதற்கு அடுத்தபடியாக அவர்கள் குறித்த நோக்கம் வீடு. அங்கத்தினர் குடியிருக்க வீடுகளைக் கட்டவும் வாங்கவும் வேண்டும் என்று அவர்கள் அன்றே தீர்மானித்தார்கள்.

அதே ராச்டேலில், அதே டிசம்பர் 21-ஆம் தேதி, 2020-ஆம் ஆண்டில், அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டின் சுவர்களில் நெடுங்காலமாகப் படர்ந்திருந்த ஓதப் பூஞ்சணத்தைச் சுவாசித்து மூச்சு நோய் கண்டதே காரணம் என்று, 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். தந்தை 2017-லேயே பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த மறுமொழி, அதன்மேல் வர்ணம் பூசிக்கொள்ளும்படி என்பதே. 2020-ல் அவர் வழக்கறிஞர் மூலம் கேட்டபோது, வழக்கறிஞர்களுக்குள் உடன்பாடு ஏற்படும்வரை பழுது பார்ப்பதில்லை என்ற அலுவலக வழக்கம் குறுக்கே நின்றது. அக்குடும்பத்தாரின் வாழ்க்கை முறையால்தான் சுவர் நனைகிறது என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டது தவறு என, வீட்டை வாடகைக்கு விட்டிருந்த நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

அந்த நிறுவனம் யாருடையது? பணத்தாசை கொண்ட தனியார் ஒருவருடையதன்று. குடியிருப்போரும் ஊழியரும் அங்கத்தினராகச் சேரக்கூடிய பரஸ்பர சங்கம் அது. ஆயிரக்கணக்கான வீடுகள் அதன் வசம் இருந்தன. கூட்டுறவு பிறந்த ஊரில், கூட்டுறவுக் கொள்கையின்மீது அமைந்த வீட்டுக்காரரின் கையில் இது நேர்ந்தது என்பதை நாம் மூடி மறைப்பதில் பயனில்லை. சங்கத்தில் பங்கு வைத்திருப்பதால் மட்டும் ஒருவருடைய கூரை ஒழுகாமல் இருந்துவிடாது. வீட்டுக்காரர் என்ற நிலையில் சங்கம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கு வேறு ஒழுங்கும் வெளிக் கண்காணிப்பும் தேவை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியதே.

அங்கு அதன்பின் செய்யப்பட்டதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 2023 ஜூலையில் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளைக் கண்காணிக்க முன்பே ஒரு ஒழுங்குமுறை அதிகாரி இருந்தார். ஆயினும் அவர் பெரும்பாலும் நிறுவனத்தின் கணக்கு வழக்குகளையே கவனித்து வந்தார். குடியிருப்பவரின் குறையில் அவர் தலையிட வேண்டுமானால் மிகக் கடுமையான கேடு நேர்ந்திருக்க வேண்டும் என்ற தடை இருந்தது. அத்தடை நீக்கப்பட்டது. 2024 ஏப்ரல் முதல், 1,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நேரில் தணிக்கை செய்து தரம் குறிக்கிறார்கள். 2025 அக்டோபர் 27 முதல் அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, உயிருக்கு உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்திற்குள் சரிசெய்ய வேண்டும். ஓதமும் பூஞ்சணமும் பெருங்கேடு விளைக்கக்கூடுமென்று தெரிந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த 3 வேலை நாட்களுக்குள் கண்டதை எழுத்தில் கொடுக்க வேண்டும். 5 வேலை நாட்களுக்குள் ஆபத்தை அகற்ற வேண்டும்.

இவ்விதிகளில் என் மனத்தைக் கவர்ந்தது ‘எழுத்தில் கொடுக்க வேண்டும்’ என்னும் பகுதியே. காரணம் பின்னர் விளங்கும்.

நிற்க. ஓதம் என்பது குளிர்நாட்டு விவகாரம், நமக்கென்ன என்று இராஜபாளையத்து அங்கத்தினர் ஒருவர் என்னிடம் கூறினார். அவர் தறி நெய்பவரல்லர், மாந்தோப்பு உடையவர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து நெசவாளர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். மற்றவருக்கு வீடு உறங்கும் இடம். நெசவாளருக்கோ அதுவே தொழிற்சாலை. குழித்தறி நெய்பவர் நாள்தோறும் எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் கால்களைத் தரைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐப்பசி கார்த்திகையில் மலையடிவாரத்து மழை பிடித்துக்கொண்டால் அந்தக் குழியில் நீர் ஊறும். பாவு நமுத்துப் போகும். கஞ்சி இளகி இழை அறும். அறுந்த இழையைப் பிணைப்பதற்கே அரை நாள் கழியும். கூலியோ நெய்த புடவைக்குத்தான், பிணைத்த இழைக்கன்று. ஆகவே ஒழுகும் கூரையும் ஓதமேறிய சுவரும் நெசவாளருக்கு உடல்நலக் கேடு மட்டுமல்ல, கூலிக் குறைவும் ஆகும். வீட்டுப் பழுதைப் பற்றிய விண்ணப்பங்களை ‘இதர’ என்ற தலைப்பில் கோத்து வைக்கும் காரியதரிசிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் இரு ஊர்களிலும் வீட்டுக்காரர் யார் யார் என்று பார்ப்போம். வளவும் காம்பவுண்டும் கட்டி வாடகைக்கு விடும் தனியார் உளர். கோயில் மனையில் குடியிருப்போர் உளர். ஆலைகள் தம் தொழிலாளருக்குக் கொடுத்த வீடுகள் உண்டு. அரசின் வாரியங்கள் கட்டும் வீடுகள் உண்டு. 1961-ல் வீட்டுவசதி வாரியமும், 1970-ல் குடிசை மாற்று வாரியமும் ஏற்பட்டன. பின்னது 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. கடைசியாக, கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் எழுந்த நெசவாளர் குடியிருப்புகள். 1953-ல் ஆலைத் துணிமீது தீர்வை விதித்துத் திரட்டிய கைத்தறி நிதியிலிருந்து சென்னை மாநிலத்தில் இத்தகைய குடியிருப்புகள் பல எழும்பின. பின்னர் 1985-86 முதல் மத்திய அரசின் தறிக்கூடத்துடன் கூடிய வீட்டுத் திட்டமும் வந்தது.

வாடகைச் சட்டத்தின் கதை போர்க்காலத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் நகரங்களில் வீடு கிடைக்காமல் வாடகை ஏறியபோது பிறந்த கட்டுப்பாடு, 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாகி, 1960-ன் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு ‘நியாய வாடகை’ நிர்ணயிக்க அச்சட்டம் வழி செய்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அது ஆண்டது. அதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. வாடகை உயராத வீட்டுக்கு எவரும் சுண்ணாம்பு கூட அடிக்கவில்லை என்பது உண்மையே. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அதாவது நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், பழைய சட்டத்தை நீக்கிவிட்டது. நியாய வாடகை என்பது போயிற்று. இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே இன்று வாடகை. அதற்கு ஈடாக, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. எழுதிய ஒப்பந்தத்தை, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இச்சட்டத்தில் குடியிருப்பவர் மனத்தில் இருத்த வேண்டியவை சில. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது முறையன்று. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்திட்டால் அவ்வெழுத்தே செல்லும். ஆதலால் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக. வாடகைத் தகராற்றைச் சாக்கிட்டுத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்திற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடைத் துப்புரவு, ஸ்விட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி முதலிய சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதைச் செய்யாவிட்டால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆயினும் எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழித்தல் கூடாது.

இவற்றைக் கேட்டதும் மகிழ்ந்துவிடாமல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமையையே ஒரு காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யும்படி கேட்கவும் இச்சட்டத்தில் இடமுண்டு. இருபது ஆண்டுகளாக வாய்மொழியில் குடியிருந்து, மாதந்தோறும் தவறாமல் வாடகை கொடுத்துவந்தவரும் இதனால் வெளியேற நேரலாம். காப்பதற்காக இட்ட வேலி கழுத்தை அறுக்காதபடி பார்த்துக்கொள்வது குடியிருப்பவர் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் எழுதித் தரத் தயங்கினால், எழுதித் தரும்படி கேட்ட கடிதமாவது பதிவுத் தபாலில் போகட்டும். மேலும் இச்சட்டம் நகராட்சி, பேரூராட்சி முதலிய நகர்ப்பகுதிகளுக்கே உரியது. இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதன் எல்லைக்குள் வரும். ஊராட்சிகளில் வாழும் நெசவாளர்க்கு இது உதவாது.

மற்றொன்று இன்னும் பெரிது. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் அரசு நிறுவனங்களுக்கும் சட்டப்படி அமைந்த வாரியங்களுக்கும் சொந்தமான வீடுகள் இச்சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவை. வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஆலைகள் தொழிலாளருக்குக் கொடுத்த வீடுகளும் அவ்வாறே. அரசு குறிப்பிடும் சமய, தரும நிறுவனங்களின் வீடுகளும் அவ்வாறே. கோயில் சொத்துக்களின் வாடகைக்கு 1959-ன் அறநிலையச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. இங்கிலாந்தில் சமூக நோக்குடைய வீட்டுக்காரர்மீதுதான் கண்காணிப்பு மிகுதி. இங்கோ தனியார் வீட்டுக்காரரை ஒழுங்கு செய்யச் சட்டம் செய்துவிட்டு, பொது நிறுவனம் நல்லதே செய்யும் என்று நம்பி விட்டுவிட்டோம். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பது எனக்கு ஐயம். ஏழைகளில் பலருக்கு வீட்டுக்காரராக இருப்பவை அந்நிறுவனங்களே.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். நெசவாளர் குடியிருப்புகளில் பெரும்பாலானவை வாடகைக்கு விடப்பட்டவையல்ல. தவணைக் கொள்முதல் முறையில் ஒதுக்கப்பட்டவை. ஒதுக்கீடு பெற்றவர் மாதத் தவணை கட்டி வருவார். கடைசித் தவணை தீர்ந்து கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை உரிமை சங்கத்தினிடமே இருக்கும். அந்த இடைக்காலத்தில் அவர் யார்? உரிமையாளரா, குடியிருப்பவரா? இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லாமையே தொல்லைகளுக்கெல்லாம் வித்து.

இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றை நான் பார்வையிடச் சென்றபோது நடந்ததைச் சொல்கிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். வயதான அம்மையார் ஒருவர் தகரப் பெட்டியோடு வந்து காத்திருந்தார். கணவர் பெயரில் ஒதுக்கிய வீடு, கணவர் காலமாகிவிட்டார், மகன் தறி நெய்கிறார். கூரைக் காரை பெயர்ந்து தறியின்மேல் விழுகிறது. பழுது பார்க்கும்படி கேட்டதற்கு, வீடு உங்களுடையது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைவர் கூறினாராம். சரி என்று பழுதுக்குக் கடன் வாங்க வங்கிக்குப் போனால் கிரயப் பத்திரம் கேட்கிறார்கள். பத்திரத்துக்குச் சங்கத்தைக் கேட்டால், தவணை பாக்கி இருக்கிறது, வாரிசுப் பெயர் மாற்றமும் ஆகவில்லை, அதுவரை வீடு சங்கத்துடையது என்கிறார்கள்.

“மழை பெய்தால் நாங்கள் சொந்தக்காரர், பத்திரம் கேட்டால் குடியிருப்பவர். எது என்று நீங்களே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அய்யா. அதன்படி இருந்துகொள்கிறோம்” என்றார் அந்த அம்மையார்.

தலைவர் தீயவரல்லர். அவரும் தறி நெய்பவரே. அவர் வீட்டுக் கூரையும் ஒழுகத்தான் செய்கிறது. தமக்கு முன்னிருந்தவர்கள் சொல்லி வந்ததை அவரும் சொன்னார். பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். தகரப் பெட்டியில் ரசீதுகள் ஒன்று தவறாமல் இருந்தன. பாக்கி என்று காட்டிய தொகையில் பெரும்பகுதி, அதே பெயருடைய வேறொருவர் கணக்கில் தவறாக வரவு வைக்கப்பட்டிருந்தது. எஞ்சியது, அந்தப் பிழையின்மேல் ஆண்டுதோறும் ஏறிய அபராத வட்டி. தவணை ஒப்பந்தத்தைத் தேடி எடுக்க இரண்டு நாட்களாயின. அதில் ‘சிறு பழுதுகள்’ ஒதுக்கீடு பெற்றவர் பொறுப்பு என்று கண்டிருந்தது. கூரையைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே, வீடு அவருடையது என்று தலைவர் கூறிய மறுமொழிக்கு அந்தக் காகிதத்தில் ஆதாரமே இல்லை. அந்த அம்மையார் அதுவரை ஒரு தடவை கூட எழுத்தில் மறுமொழி பெறவில்லை. எல்லாம் வாய்ச்சொல். முன்பு நான் ‘எழுத்தில்’ என்ற சொல்லைப் பெரிதாகக் குறிப்பிட்டது இதனால்தான். மறுப்பை எழுத்தில் கொடுக்க நேர்ந்திருந்தால், தலைவர் ஒப்பந்தத்தைத் தேடியிருப்பார், தேடியிருந்தால் மறுத்திருக்கமாட்டார்.

சங்கத்தின்மீது குறையுள்ள அங்கத்தினர் எங்கே செல்வது? 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி, சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், தொழில் ஆகியவை பற்றிச் சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் ஏற்படும் தாவாவைப் பதிவாளரிடம் கொண்டு செல்லலாம். 81-ஆம் பிரிவில் விசாரணை கோரவும் வழியுண்டு. அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து கேட்டால் விசாரணை நடத்தியாக வேண்டும். குடியிருப்பில் நாற்பது வீடுகளுக்கும் ஒரே கூரைப் பழுது என்றால், நாற்பது பேர் தனித்தனியே அலைவதைவிட இது மேல். பதிவாளர் என்பவர் எல்லாச் சங்கங்களுக்கும் ஒருவரே என்று எண்ணவேண்டாம். வீட்டுவசதிச் சங்கமாயின் வீட்டுவசதிப் பிரிவின் துணைப் பதிவாளர். கைத்தறி நெசவாளர் சங்கமாயின் கைத்தறித் துறையின் உதவி இயக்குநர். தவறான வாசலில் கொடுத்த மனு, சரியான வாசலுக்குப் போய்ச் சேர ஓராண்டு கூட ஆகலாம்.

ஒரு நுட்பம் உண்டு. சங்கத்துக்கும் அதன் கட்டடத்தில் இருப்பவருக்கும் வரும் எல்லாத் தகராறும் சங்கத்தின் ‘தொழிலைப்’ பற்றியது ஆகிவிடாது. 1960-களின் இறுதியில், மகாராஷ்டிர மாநிலத்துக் கூட்டுறவு வங்கி ஒன்றின் கட்டட வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்த்தது. வாடகைக்கு விடுவது வங்கியின் தொழிலன்று. ஆகவே அது கூட்டுறவுத் தாவாவன்று என்பது தீர்ப்பின் சாரம். இதையே அளவுகோலாகக் கொண்டால், ஜவுளி விற்கும் நெசவாளர் சங்கம் தன் கட்டடத்தின் மாடியை வெளியாருக்கு வாடகைக்கு விட்டு அதில் தகராறு வந்தால் அது சாதாரண வாடகை விவகாரமாகவே கருதப்படக்கூடும். அங்கத்தினருக்கு வீடு ஒதுக்குவதையே நோக்கமாகக் கொண்ட சங்கத்தில் வரும் தகராறு 90-ஆம் பிரிவுக்கு உரியதாகும். துணை விதிகளில் ‘நோக்கங்கள்’ என்ற பகுதியைப் படித்தால் எது எது என்று விளங்கும். துணை விதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்த அங்கத்தினரை நான் என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லுமா என்றும் கேட்கிறார்கள். அரசின் ஆதிக்கமோ கணிசமான நிதியோ இல்லாத சங்கம் நேரடியாக அதற்குக் கட்டுப்படாது என்று 2013-ல் கேரளத்துச் சங்கம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் சட்டப்படி பதிவாளர் பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும். ஒதுக்கீட்டுப் பட்டியல், தணிக்கை அறிக்கை முதலியவை இவ்வழியில் கிடைக்கக்கூடியவை.

இப்பத்திரிகையைப் படிக்கும் விவசாய அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை. தோப்பு வருமானத்தில் நாலு வீடு கட்டி ஆலைத் தொழிலாளருக்கு விட்டிருப்பவர் உங்களில் பலர். சங்கத்தில் நீங்கள் கேட்கும் உரிமை எதுவோ, அது உங்கள் வளவில் குடியிருப்பவர்க்கும் உரியது. வாடகைக்கு ரசீது கொடுக்கிறீர்களா என்று நான் கேட்டால் சிலர் சிரிக்கிறார்கள்.

மேற்சொன்ன சங்கத்தில் நிர்வாகக் குழு கூடி, தவறான வரவைத் திருத்தி, அபராத வட்டியை நீக்கி, வாரிசுப் பெயரில் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கத் தீர்மானம் இயற்றிற்று. பத்திரப் பதிவு இன்னும் ஆகவில்லை. கூரையும் இன்னும் அப்படியே இருக்கிறது. பதிவு முடிந்தபின்தான் வங்கிக் கடன் வரும். மழைக்கு முன் முடியுமா என்பது ஐயமே. அதுவரை தறியின்மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள்.

அச்சங்கத்தில் புதிதாக ஒரு பழுதுப் பதிவேடு வைக்கும்படி எழுதியிருக்கிறேன். சாதாரண நீள நோட்டே போதும். மனு வந்த தேதி, வீட்டு எண், என்ன பழுது, தறிக்குப் பாதிப்பு உண்டா, நேரில் பார்த்தவர் யார், பார்த்த தேதி, யார் பொறுப்பு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி, எழுத்தில் மறுமொழி கொடுத்த தேதி, வேலை முடிந்த தேதி, மனுதாரர் கையெழுத்து என்று பதினொரு பத்திகள். பத்து நாட்களுக்குள் பார்க்க வேண்டும் என்ற கெடுவை இங்கிலாந்திலிருந்து கடன் வாங்கிக்கொண்டேன். மழைக்காலத்தில் அதை மூன்று நாட்களாகக் குறைத்துக்கொள்வதென்று தலைவரே சொன்னார். வீடு ஒதுக்கியுள்ள மற்றச் சங்கங்களும் இப்பதிவேட்டைத் தொடங்கலாம். மகாசபையில் தீர்மானம் இயற்றித் தொடங்கினால், அடுத்து வரும் நிர்வாகக் குழுவும் அதை எடுத்து மூலையில் வைத்துவிட இயலாது. அடுத்த முறை பார்வைக்கு வரும்போது ரொக்கப் புத்தகத்துக்கு முன்னால் இந்தப் பதிவேட்டையே கேட்பேன்.